கேட்போர் பேசிய காலம்: வானொலிக் கலந்துரையாடற் குழுக்களின் வரலாறு

அவையிலே ஒருவர் உரைப்பதும், கேட்டோர் வினவுவதும், உரைத்தோர் அதற்கு விடையிறுப்பதும் மிகப் பழைய வழக்கங்கள். பண்டை ஏதென்சு நகரிலே குடிமக்கள் பேரவை கூடியபோது, பேச விரும்புவோர் யாவர் எனக் கட்டியக்காரன் உரத்துக் கேட்பான். விரும்பியவன் எழுந்து மேடையேறுவான். தமிழகத்திலே சமயவாதிகள் ஏறி வாதிட்ட பட்டிமண்டபத்தை மணிமேகலை குறிப்பிடுகின்றது. இத்தகைய அவைகள் யாவற்றுக்கும் பொதுவானதொரு தன்மை உண்டு. பேசுவோனும் கேட்போனும் ஒருவர் முகத்தை ஒருவர் காணக்கூடிய தொலைவில் இருந்தனர். கேட்போனுக்கு ஐயம் எழுந்தால் அதனை அவ்விடத்திலேயே வெளியிடலாம். பேசுவோன் தடுமாறினால் அதுவும் அவ்விடத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

அச்சியந்திரம் இத் தொலைவை நீட்டிற்று. ஆயினும் பத்திரிகைக்கு ஒரு கடிதமேனும் எழுதலாம். 1841இல் யாழ்ப்பாணத்தில் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை முதலாகத் தமிழ்ப் பத்திரிகைகள் வாசகர் கடிதங்களுக்கு இடமளித்தே வந்தன. எழுத்தறியாதோர்க்கும் ஓரளவு வழி இருந்தது. வாசிகசாலையிலே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றையோர் வரிக்கு வரி இடைமறித்துக் கருத்துரைப்பது நம் ஊர்களில் அறியப்படாத காட்சியன்று. வானொலியோ இத் தொலைவை எல்லையற்றதாக்கிவிட்டது. நகரத்திலே ஓர் அறையில் இருந்து ஒருவர் பேச, இலட்சக்கணக்கானோர் வாய் திறவாது கேட்டனர். வானொலிப் பெட்டியை நோக்கி எவ்வளவு உரக்க வினவினாலும் அது செவிசாய்ப்பதில்லை. வாசிக்கும் ஒருவரை நிறுத்துவதுபோல அதனை நிறுத்தி, சொன்னதைத் திருப்பிச் சொல்லும்படி கேட்கவும் இயலாது.

இக் குறையை ஆரம்பத்திலேயே உணர்ந்தவர் சிலர். ஜேர்மானிய நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்ட் 1932இல் நிகழ்த்திய உரையொன்றிலே, வானொலி பகிர்ந்தளிக்கும் கருவியாக மட்டும் இருத்தல் ஆகாது. கேட்போனைக் கேட்பிப்பதோடு அமையாது பேசவும் வைக்கும் கருவியாக அது மாறவேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் கேட்ட மாற்றத்தைப் பொறியியலாளர் அன்று செய்துகொடுக்கவில்லை. ஆனால் பொறியியலின் துணையின்றியே, பத்திருபது கதிரைகளையும் ஒரு தபால் உறையையுங் கொண்டு அதனைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. அவர்களின் முயற்சி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. அம் முயற்சி எங்கே உயிர்பெற்றது, எங்கே உயிரிழந்தது என்பது கருத்தரங்கு நடத்துவோருக்கும் வகுப்பறையில் குழுக்களை அமைப்போருக்கும் பயன்தரும் வரலாறாகும்.

முதல் முயற்சி பிரித்தானியாவிலே தோன்றிற்று. 1927இல் கூட்டுத்தாபனமாக அமைக்கப்பட்ட பிரித்தானிய ஒலிபரப்பு நிலையம், கருத்து வேறுபாட்டுக்குரிய பொருள்களை ஒலிபரப்பலாகாது என்ற தடைக்கு உட்பட்டிருந்தது. அத்தடை 1928 மார்ச்சு மாதத்தில் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் சேர் ஹென்றி ஹடோவின் தலைமையில் அமைந்த குழுவொன்று, வளர்ந்தோர் கல்விக்கு வானொலியைப் பயன்படுத்தும் வகைபற்றி அறிக்கை வெளியிட்டது. நூல் நிலையங்களிலும் கிராம மண்டபங்களிலும் மக்கள் சிறு குழுக்களாகக் கூடிச் சொற்பொழிவைக் கேட்பர்; அது முடிந்தபின் பெட்டியை மூடிவிட்டு, குழுத்தலைவர் ஒருவரின் துணையோடு அப்பொருளை விவாதிப்பர். இதுவே திட்டம். சொற்பொழிவுகளுக்குத் துணையாகச் சிறு நூல்கள் அச்சிடப்பட்டன. 1929 சனவரியில் 'த லிசினர்' என்ற வார இதழும் தோன்றிற்று.

ஆங்கிலேயர் முயற்சி பாராட்டத்தக்கதாயினும் அதிலே அடிப்படையானதொரு குறை இருந்தது. பொருளைத் தெரிந்தவர் இலண்டனில் இருந்தார்; பேசியவரும் இலண்டனில் இருந்தார். குழுவினர் விவாதித்தனர், கலைந்தனர். அவர்கள் என்ன கூறினர் என்பது அடுத்த வாரச் சொற்பொழிவைச் சிறிதும் மாற்றவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் பாடஞ் சொல்லிவிட்டு, மாணாக்கர் தமக்குள் பேசட்டும் என்று வகுப்பை விட்டு வெளியே போய்விட்டதை ஒத்த நிலை அது. 1930களின் பிற்பகுதியில் இக் குழுக்கள் தேய்ந்தன. எனினும் அவற்றின் அனுபவம் வீணாகவில்லை. வளர்ந்தோர் கல்விப் பகுதியிற் பணியாற்றி, த லிசினர் இதழின் முதலாவது ஆசிரியராகவும் விளங்கிய ஆர். எஸ். லாம்பேட் என்பவர் 1939இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து அந்நாட்டு ஒலிபரப்பிலே கல்விப்பணியில் ஈடுபட்டார். இம் முறை முழுமை பெற்றதும் கனடாவிலேதான்.

கனடாவுக்குச் செல்லுமுன் ஜேர்மனியை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் கூடியிருந்து கேட்பது மட்டும் பங்குபற்றுதல் ஆகாது என்பதற்கு அந்நாட்டைவிடத் தெளிவான சான்று வேறில்லை. பிரெக்ட் உரை நிகழ்த்திய அடுத்த ஆண்டிலே ஹிட்லர் ஆட்சிபீடம் ஏறினார். பிரெக்ட் நாட்டை விட்டு வெளியேறினார். 1933 ஓகஸ்டு மாதத்தில் 'மக்கள் வானொலி' என்ற பெயருடன் மலிவான பெட்டியொன்று விற்பனைக்கு வந்தது. அதன் இலக்கம் 301. ஹிட்லர் பிரதம மந்திரியான சனவரி 30ஆம் நாளை அவ் விலக்கம் குறித்தது. தலைவர் பேசும் வேளையில் தொழிற்சாலைகளிலே சங்கு ஊதும், இயந்திரங்கள் நிற்கும், தொழிலாளர் ஒலிபெருக்கியின் கீழ் அணிவகுத்து நின்று கேட்பர். உணவுச்சாலைகளிலும் பொதுச் சதுக்கங்களிலும் இவ்வாறே. இதனைச் 'சமூகக் கேள்வி' என அழைத்தனர். கூட்டம் இருந்தது, கருவி இருந்தது, நேரந் தவறாத ஒழுங்கும் இருந்தது. வினா ஒன்றுதான் இல்லை. 1939 செப்தெம்பரில் யுத்தம் மூண்டதும் பிறநாட்டு வானொலியைக் கேட்பதே குற்றமாக்கப்பட்டது.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே வேறொரு போக்குக் காணப்பட்டது. நியூயோர்க் நகர மண்டபத்திலே சோர்ச் டெனி என்பவர் 1935 மே 30ஆம் நாள் 'அமெரிக்காவின் வானொலி ஊரவை' என்னும் நிகழ்ச்சியைத் தொடக்கினார். பாசிசம், கம்யூனிசம், சோசலிசம், சனநாயகம் ஆகியவற்றுள் அமெரிக்கா எவ்வழிச் செல்வது என்பதே முதல் நாள் விவாதப் பொருள். பழைய நாட்டு வழக்கப்படி ஊர்க்கட்டியக்காரன் மணியடித்து மக்களை அழைப்பதோடு நிகழ்ச்சி ஆரம்பமாகும். மாறுபட்ட கொள்கையினர் பேசி முடித்ததும் மண்டபத்தில் இருந்தோர் எழுந்து வினாக்களைத் தொடுப்பர். மிகுந்த சுவாரசியமுடைய இந்நிகழ்ச்சி 1956 வரை நிலைத்தது. பல ஊர்களிற் குழுக்கள் கூடி இதனைக் கேட்டுத் தாமும் விவாதித்தன. ஆயினும் வினவும் வாய்ப்புப் பெற்றோர் அன்று மண்டபத்துக்கு வந்திருந்தோரே. வீட்டிலிருந்த இலட்சக்கணக்கானோருக்குப் பிறர் வினவுவதைக் கேட்கும் இன்பமே கிடைத்தது. அதனை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் அதனையும் பங்குபற்றுதல் என்று கொள்வது சொல்லைத் தளர்த்துவதாகும்.

கனடாவின் மேற்குச் சமவெளிகளிலே கமக்காரர் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் வாழ்ந்தன. 1930களிலே பொருளாதார மந்தமும் கடும் வறட்சியும் அவர்களை ஒருங்கே தாக்கின. கோதுமையின் விலை எங்கோ தீர்மானிக்கப்பட்டது; கடனுக்கு வட்டியும் எங்கோ விதிக்கப்பட்டது. மாரியிலோ பனி மூடிய நிலத்தில் வேலை குறைவு, நெடிய இரவுகள். வளர்ந்தோர் கல்விச் சங்கமும், கமத்தொழிற் சம்மேளனமும், 1936இல் நிறுவப்பட்ட கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் சேர்ந்து 1941 நவெம்பரில் நாடளாவிய கமக்காரர் வானொலி அரங்கைத் தொடங்கின. வளர்ந்தோர் கல்விச் சங்கத்தின் பணிப்பாளரான கோர்பெட் என்பவர் இதற்குப் பின்னின்ற முக்கிய மனிதர்களுள் ஒருவர். வாசி, கேள், விவாதி, செயற்படு என்னும் நான்கு ஏவற் சொற்களே அவ்வரங்கின் மகுடவாக்கியமாக அமைந்தன.

நடைமுறை எளியது. அந்த வாரத்துப் பொருளை விளக்கும் சிறு பிரசுரம் சில நாட்களுக்கு முன்பே தபாலில் வந்துசேரும். திங்கட்கிழமை இரவு அயலார் பத்து முதல் இருபது பேர்வரை ஒருவர் வீட்டிற் கூடுவர். கணவன் மனைவியர் சேர்ந்தே வருவர். அரைமணி நேரம் ஒலிபரப்பைக் கேட்டபின் பெட்டி மூடப்படும். பிரசுரத்திலே அச்சிடப்பட்டிருந்த வினாக்களை எடுத்து விவாதிப்பர். காரியதரிசி முடிவுகளை எழுதுவார். ஒருமைப்பாடு இல்லையெனின் அதனையும் எழுதுவார். அவ் விடைகள் மாகாணக் காரியாலயத்துக்கு அனுப்பப்படும். விவாதம் முடிந்தபின் சிற்றுண்டியும் சீட்டாட்டமும் உண்டு. (கல்வி அதிகாரிகள் சிலர் இப் பிற்பகுதியைப் பெரிதாக மதிப்பதில்லை. பனிக்காற்றில் அத்தனை தூரம் வந்தவர்கள் அடுத்த திங்களும் வந்ததற்கு அச் சிற்றுண்டியும் ஒரு காரணம் என்பதை மறுப்பது கடினம்.)

இவற்றினும் முக்கியமானது நான்காவது வாரம். ஒவ்வொரு நான்காவது ஒலிபரப்பிலும் மாகாணக் காரியதரிசி வானொலியிலே தோன்றி, குழுக்கள் அனுப்பிய விடைகளைத் தொகுத்துச் சொல்வார். எத்தனை குழுக்கள் எவ்வாறு கருதின, எந்தக் குழு மாறுபட்டது, எந்த ஊரார் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர் என்பனவெல்லாம் அறிவிக்கப்படும். மேற்கு மூலையில் ஒரு சமையலறையிலே பென்சிலால் எழுதப்பட்ட கருத்து, சில வாரங்களில் அதே பெட்டியினூடாக அதே சமையலறைக்குத் திரும்பிவந்தது. வானொலி செவிசாய்க்காது என்ற பழி அன்று நீங்கிற்று. இலண்டனில் இல்லாததும் நியூயோர்க்கில் மண்டபத்துக்குள் அடங்கிப்போனதும் இதுவே.

1940களின் இறுதியில் இத்தகைய குழுக்கள் ஏறத்தாழ 1,600 ஆகவும், பங்குபற்றியோர் சுமார் 30,000 ஆகவும் பெருகின. முழுநாட்டின் சனத்தொகையோடு ஒப்பிட்டால் இஃது சிறு தொகையே. ஆனால் முப்பதினாயிரவரும் வெறுங் கேட்போர் அல்லர் என்பது நினைவிலிருத்தற்குரியது. 1943இலே நகரமக்களுக்காக இதே மாதிரியிற் குடிமக்கள் அரங்கு என்னும் நிகழ்ச்சி ஆரம்பிக்கப்பட்டது. அதன் குழுக்கள் அத்துணை பெருகவில்லை. நகரத்தாருக்கு வேறு பொழுதுபோக்குகள் இருந்தன என்பது ஒரு காரணம். கமக்காரர் குழுவிலே, விவாதித்த பொருளைப்பற்றி நாளை காலையில் ஏதேனும் செய்யவேண்டிய தேவை இருந்தது. நகரத்துக் குழுவிலே உலக சமாதானத்தைப் பற்றிப் பேசிவிட்டு வீடு செல்வதன்றி வேறு செய்வதற்கு அதிகமில்லை என்பது மற்றொரு காரணமாகலாம்.

இதே 1941ஆம் ஆண்டிலே பிரித்தானியப் படையில் நிகழ்ந்ததொன்று வகுப்பறைக்கு இன்னும் நெருக்கமானது. யுத்தம் நீண்டு, படைவீரர் பாசறைகளிற் சோர்ந்திருந்த வேளையில், படைத்துறை நடப்பியற் பணியகம் என்றதொரு பிரிவு டபிள்யூ. ஈ. வில்லியம்சின் பணிப்பில் நிறுவப்பட்டது. வாரத்தில் ஒருமணி நேரம், கடமை வேளையிலேயே, ஏறத்தாழ முப்பது வீரர் கொண்ட ஒவ்வொரு அணியும் பொதுவிடயமொன்றை விவாதித்தல் வேண்டும். தலைமை தாங்கியவர் அறிஞரல்லர். அவ்வணியின் இளம் அதிகாரியே. அவருக்கும் பொருள் புதிது. கையிலே ஒரு சிறு பிரசுரம் மட்டுமே இருந்தது. கட்டளையிடுவதற்குப் பழக்கப்பட்டவர் வினா எழுப்புவதற்குப் பழகவேண்டியதாயிற்று. சில அதிகாரிகள் பிரசுரத்தை வாசித்துக் காட்டியதோடு கடமை தீர்ந்ததென இருந்தனர் என்பதிலும் வியப்பில்லை.

அச்சோதனையின் எல்லை விரைவிலேயே வெளிப்பட்டது. 1942 டிசெம்பரில் பெவரிச் அறிக்கை வெளிவந்தது. நோய், முதுமை, வேலையின்மை ஆகியவற்றுக்கு எதிரான சமூகக் காப்புத் திட்டத்தைக் கூறிய அவ் வறிக்கையின் சுருக்கம் பணியகத்தின் பிரசுரமாக வீரர்களுக்கு அனுப்பப்பட்டது. இரண்டொரு நாட்களுக்குள் யுத்த அமைச்சு அதனைத் திரும்பப் பெற்றது. விவாதத்துக்கு உரியதல்லாத நிலையை அரசாங்கம் விவாதித்து முடிக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். விளைவு மாறாயிற்று. பறிக்கப்பட்ட பிரசுரத்தைப்பற்றிப் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் எழுந்த பேச்சு, அது பறிக்கப்படாதிருந்தால் எழுந்திருக்கக்கூடிய பேச்சிலும் பெரிதாயிற்று. 1945 தேர்தலில் தொழிற்கட்சி பெற்ற வெற்றிக்கு இவ்விவாதங்களே காரணம் எனச் சிலர் குற்றஞ்சாட்டினர். அது மிகைக் கூற்று. முப்பது பேர் ஒருமணி நேரம் பேசியதனால் ஓர் ஆட்சி வீழ்ந்தது என்பது, அவ் வீரர்கள் வாரத்தின் எஞ்சிய நேரமெல்லாம் சிந்தியாது இருந்தனர் என்று கொள்வதாகும்.

நன்னூலார் மாணாக்கன் புலமை பெறும் வகையைப் பகுத்துக் கூறியது ஈண்டு நோக்கத்தக்கது. ஆசிரியன் சொல்வதை நன்கு உட்கொண்டாலும் காற்கூறே கைவரும். உடன் பயில்வோரோடு பழகுவதனால் மற்றொரு காற்கூறு. தான் பிறர்க்கு உரைப்பதனாலேயே எஞ்சிய அரைக்கூறும் வந்து நிறையும் என்பது அவர் கணக்கு. கேட்பதற்குக் கால், சொல்வதற்கு அரை. பள்ளிகளில் இக்கணக்குத் தலைகீழாக நடைபெறுவது பலரும் அறிந்ததே. குழுவாக அமர்த்தப்பட்ட மாணவர் பேசுகின்றனர், கெட்டிக்காரன் ஒருவன் அறிக்கை எழுதுகிறான், மணி அடிக்கின்றது, அவ்வறிக்கை ஆசிரியரின் மேசையில் உறங்குகின்றது. அடுத்த பாடவேளை அக்குழு பேசாதிருந்திருந்தால் எவ்வாறு தொடங்குமோ அவ்வாறே தொடங்குகின்றது. கனடாவின் நான்காவது வாரம் அங்கே இல்லை.

யுத்தத்தின் பின் நிறுவப்பட்ட யுனெஸ்கோ கனடிய முறையை உலகுக்கு அறிமுகப்படுத்த விரும்பியது. அலெக்ஸ் சிம் பதிப்பித்த நூலொன்றை 1954இல் வெளியிட்டது. கனடியக் கமக்காரர் எழுத்தறிந்தவர். சொந்தப் பெட்டி உடையவர். சாதி வேறுபாடு அறியாதவர். எழுத்தறியாதோர் பெரும்பான்மையினராயுள்ள கீழைநாட்டுக் கிராமத்தில் இம்முறை செல்லுமா என்பது அடுத்து எழுந்த வினா. அதற்குரிய பரிசோதனைக் களமாகப் பம்பாய் மாகாணத்தின் மராத்தி பேசும் பகுதி தெரிந்தெடுக்கப்பட்டது. 1956 பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூனா வானொலி நிலையம் அரைமணி நேர நிகழ்ச்சிகள் இருபதை, வாரத்துக்கு இரண்டாக ஒலிபரப்பிற்று. ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களிலே அரங்குகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இருபது உறுப்பினர். எழுத்தறிந்த ஒருவர், பல விடங்களிற் பள்ளியாசிரியரே, குறிப்பெழுதினார். கமத்தொழில், சுகாதாரம், கல்வி, கிராம நிருவாகம் முதலியன பேசப்பட்டன. கிராமத்தார் எழுப்பிய வினாக்கள் பூனாவுக்குச் சென்றன. அடுத்து வந்த நிகழ்ச்சிகளிலே விடைகள் வந்தன.

பரிசோதனையின் பெறுபேற்றை அளவிடும் பொறுப்பு, பம்பாயிலுள்ள டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனத்தின் துணையோடு போல் நியூராத் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் வியன்னாவைச் சேர்ந்தவர். தத்துவ அறிஞர் ஒட்டோ நியூராத்தின் மகன். 1938இல் நாசிகளாற் கைதுசெய்யப்பட்டு டாக்கௌ, புக்கன்வால்ட் ஆகிய சிறைமுகாம்களிலே அடைக்கப்பட்டு, 1939இல் விடுதலை பெற்று, பின்னர் அமெரிக்கா சென்று, அம் முகாம்களின் சமூக அமைப்பைப் பற்றியே ஆய்வேடு எழுதியவர். அணிவகுத்து நின்று கேட்ட நாட்டின் கொடுமையை உடலால் அறிந்தவர், வட்டமாக இருந்து வினவிய கிராமத்தை அளவிட வந்தார். அவர் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார் என்று கூறுவதற்கில்லை. வாழ்க்கை அவரிடத்தே அவ்விரண்டையும் சேர்த்து வைத்தது.

நியூராத் செய்த ஒப்பீடு எளிமையானதும் கூர்மையானதுமாகும். அரங்கு அமைந்த கிராமங்கள் ஒருபுறம். வானொலிப் பெட்டி இருந்தும் அரங்கு அமையாத கிராமங்கள் மற்றொருபுறம். பெட்டியே இல்லாத கிராமங்கள் இன்னொருபுறம். ஒலிபரப்புக்கு முன்னும் பின்னும் மக்களிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. அரங்கு அமைந்த கிராமங்களிலே அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த கிராமங்களிலோ வளர்ச்சி சிறிதே. பெட்டியற்ற ஊர்களைவிட அவை அதிகம் முன்சென்றுவிடவில்லை. கூடியிருந்து பேசாத இடத்திற் கருவி செய்தது மிகக் கொஞ்சம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் சிலவே.

அறிவு மட்டும் வளரவில்லை. கிணறு தோண்டவும், நல்லின எருதுகளையும் லெகோர்ன் கோழிகளையும் வாங்கவும், விற்பனைச் சங்கம் அமைக்கவும், சிறுபிள்ளைப் பள்ளி நிறுவவும் அரங்குகள் முடிவு செய்தன. பேச்சு முறையாகத் தொடங்கிய அரங்கு, சில ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்தைவிட விரைவாக ஊர்ப்பொதுக் காரியங்களை முடிவுசெய்யும் சபையாக மாறியதை நியூராத் கவனித்தார். அரங்கிலே வேட்பாளர் இல்லை, வாக்கு இல்லை, முன்னர்த் தோற்றவனும் வென்றவனும் இல்லை. எலியை ஒழிப்பதெப்படி, எருவிடுவதெப்படி என்ற வகைப் பொருளைப் பேசும்போது எளியவனின் அனுபவமும் பெரியவனின் அனுபவத்தோடு ஒரு நிறையில் நின்றது. இதனாற் கிராமத்தின் ஏற்றத்தாழ்வு ஒழிந்தது என்று எவரும் கொள்ளவேண்டாம். பத்து வாரத்திற் சாதி ஒழியுமாயின் அது எப்போதோ ஒழிந்திருக்கும். ஆனால் பேசிப் பழகாதவர் பேசினர், அப்பேச்சுக் குறிப்பிலே எழுதப்பட்டது, நகரத்திலிருந்து அதற்கு விடையும் வந்தது என்பன சிறு காரியங்களல்ல.

சே. சி. மாத்தூரும் நியூராத்தும் எழுதிய அறிக்கையை யுனெஸ்கோ 1959இல் வெளியிட்டது. அவ்வாண்டிலேயே இந்திய அரசாங்கம் இத்திட்டத்தை நாடு முழுவதற்கும் விரித்தது. சில ஆண்டுகளில் அரங்குகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. பெருக்கமே அவற்றுக்கு ஊறாயிற்று. பூனாவில் ஒவ்வோர் அரங்கையும் நேரிற் சென்று பார்ப்பதற்கு அமைப்பாளர் இருந்தனர். விரிந்த திட்டத்திலே அவர்கள் போதவில்லை. பழுதுற்ற பெட்டிகள் திருத்தப்படாது கிடந்தன. வானொலி ஓர் இலாகா, கிராம அபிவிருத்தி வேறோர் இலாகா, கமத்தொழில் இன்னோர் இலாகா என்றிருந்தமையால், கிராமத்தான் கேட்ட கேள்வி எவருக்குரியது என்பதே கேள்வியாயிற்று. விடை தாமதித்து வந்தது, பின்னர் வரவேயில்லை. விடை வராத இடத்தில் வினா எழுதுவதும் நின்றது. பதிவேடுகளில் அரங்குகள் நெடுங்காலம் உயிரோடிருந்தன.

அரங்கு தேய்ந்தாலும் வானொலி கமக்காரனை விட்டு முற்றாக நீங்கிவிடவில்லை. தஞ்சை மாவட்டத்திலே 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் நெல்லினம் அறிமுகமானபோது, திருச்சி வானொலியின் கமத்தொழில் நிகழ்ச்சிகளைக் கேட்டே பலர் அதனைப் பயிரிட முன்வந்தனர். அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கிற்று. ஆராய்ச்சி நிலையம் இட்ட இலக்கத்தை விட்டு, தாம் கேட்டறிந்த கருவியின் பெயரை நெல்லுக்கு இட்ட கமக்காரரின் நன்றியுணர்வு குறிப்பிடத்தக்கது.

கனடாவின் மூல அரங்கு 1965இல் முடிவெய்திற்று. 1952இல் அந்நாட்டிலே தொலைக்காட்சி தொடங்கியது. மின்சாரமும் மோட்டார் வண்டியும் கிராமங்களை நகரத்தோடு இணைத்தன. சிறு கமங்கள் பெருங் கமங்களுள் மறைந்தன. அயலார் தொகை குறைந்தது. எஞ்சிய குழுக்களின் உறுப்பினர் முதுமையடைந்தனர். யாரும் அதனைத் தடைசெய்யவில்லை, பறிக்கவுமில்லை. திங்கட்கிழமை இரவுகளில் வருவோர் குறைந்துகொண்டே வந்தனர்.

தபால் உறை செய்த வேலையை ஒலிப்பதிவுக் கருவி செய்யும் காலம் பின்னர் வந்தது. இலங்கையிலே 1981ஆம் ஆண்டில் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியோடு மகாவலிச் சமூக வானொலியை ஆரம்பித்தது. மகாவலித் திட்டத்தின்கீழ்ப் புதிதாகக் குடியேற்றப்பட்டோர் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். அவர்களுக்கு அயலாரும் புதியவர், மண்ணும் புதியது. ஒலிபரப்பாளர் சிறு குழுவாக ஒரு குடியேற்றக் கிராமத்துக்குச் சென்று சில நாட்கள் அங்கேயே தங்குவர். முதலில் வானொலிக் கருவியை வெளியில் எடுக்காது மக்களோடு பழகி, அவர்களின் குறைகளையும் பேச்சையும் பாட்டையும் அறிந்தபின்னரே ஒலிப்பதிவைத் தொடங்குவர். அப்பதிவுகளே நிகழ்ச்சிகளாயின. 1986இலே கிராந்துருக்கோட்டையில், குடியேற்றவாசிகளின் நடுவிலேயே, சிறு வானொலி நிலையமொன்று திறக்கப்பட்டது. 1989இல் கொத்மலையில் மற்றொன்று தோன்றிற்று.